பதில்: 'மைக்ரோபயோம்' – நுண்ணுயிர்த்திணை எனலாமா?

வணக்கம் ஐயா. குழும நண்பர்களுக்கும் வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலுக்காக மைக்ரோபயோம், நானோ பயோசென்சர் (நானோ அளவுப் பொருளால் ஆன உயிரியல் உணர்கருவி) இரண்டுக்கும் தமிழ் தேடும் இழை இது. மைக்ரோபயோமுக்கு நான் 'நுண்ணுயிர்த்திணை' என்றேன், அதற்கு வந்த கேள்விகளுக்கு என் பதில்.

> 'குடல் நுண்ணுயிர்த் தொகுதி' புழக்கத்தில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு? நானோ பயோசென்சரை 'மீநுண் உயிருணரி' என்று போட்டு இழையை முடிக்கலாம்.

முடிக்க வேண்டாம் ஐயா, கொஞ்சம் பொறுங்கள். தொகுதி என்பது உயிரிகளின் கூட்டத்தை மட்டும்தான் சொல்லும். அந்தக் கூட்டத்தின் பெயரான மைக்ரோபயோட்டாவுக்கு அது சரி. மைக்ரோபயோம் அதைவிடப் பெரிது. கூட்டம், அது வாழும் இடம், அங்கே அது செய்யும் வேலை எல்லாம் சேர்ந்தது. 1988-இல் விப்ஸ் முதலான ஆய்வாளர்கள் தந்த வரையறையே அப்படித்தான்.

இவற்றை ஒன்றாகக் கட்டும் சொல் நம்மிடம் இருக்கிறது: திணை. நிலமும் பொழுதும் முதற்பொருள். பெருங்குடலோ ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாத நிலம். உணவு போய்ச் சேரும் வேளை அதற்குப் பொழுது. கருப்பொருளைத் தொல்காப்பியம் அடுக்கும்போது தெய்வத்துக்கு அடுத்து உணவைத்தான் வைக்கிறது. தொழிலும் அந்த வரிசையிலேயே 'செய்தி' என்று வருகிறது. சிறுகுடலில் செரிக்காமல் வந்த நார்ச்சத்தை ஃபீக்காலிபாக்டீரியம் போன்ற பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து பியூட்டிரேட் என்னும் கொழுப்பு அமிலம் ஆக்குகின்றனவே, அது அவற்றின் செய்தி. பெருங்குடல் சுவரின் செல்கள் அதைத்தான் எரிபொருளாகக் கொள்கின்றன. உரிப்பொருள் மனிதருக்கு உரியது, அதைத் தொட வேண்டியதே இல்லை.

உணவைக் குடலிலிருந்து பிரித்துப் பேச முடியாது என்பது குன்னூரில் இருக்கும் எங்களுக்குப் பழைய பாடம். இங்கே பாஸ்டர் நிறுவனத்தில் 1918-இல் ஓர் அறையில் ஆங்கிலேய அரசின் மருத்துவர் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வுதான், பின்னால் 1958-இல் ஐதராபாத்துக்குப் போன தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வேர். சத்துக் குறைந்த தீனியால் குரங்குகளின் குடல் கெடுவதை அவர் பதிவு செய்தார். இப்போது கோத்தகிரிப் பக்கத்து ஹட்டிகளில் (படகர் ஊர்களில்) பாட்டி களியும் அவரையும் சாப்பிட்டு வளர்ந்தவர், பேரன் பரோட்டாவில் வளர்கிறான். இருவர் குடலிலும் என்ன வேறுபாடு என்று வகுப்பில் கேட்கிறார்கள். 'தொகுதி மாறிவிட்டது' என்று சொன்னால் பாதி விடைதான்.

உணரிக்கு வருகிறேன். மலத்தில் பாக்டீரியாவை அடையாளம் காட்டும் 16எஸ் மரபணு வரிசையைப் படித்தால் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். எந்த இடத்தில், எந்த நேரத்தில், என்ன செய்தார்கள் என்று தெரியாது. அதைச் சொல்வதற்கே உணரி. அது பெரும்பாலும் பாக்டீரியாவை எண்ணுவதில்லை. அமிலத்தை, வாயுவை, நொதியை அளக்கிறது. அதாவது திணையை அளக்கிறது.

நானோ ஏன்? கிராஃபீன் என்னும் கார்பன் தாள் ஓர் அணுத் தடிமன்தான், உள்பக்கம் என்றே ஒன்று இல்லை, எல்லாமே மேற்பரப்பு. அதன்மேல் ஓர் எதிர்ப்பொருளையோ ஆப்டமரையோ (குறித்த மூலக்கூறைப் பற்றும் சிறு டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. துண்டு) ஒட்டிவைத்தால், தேடிய மூலக்கூறு வந்து பற்றியதும் மின்கடத்தல் மாறிவிடும். கோவிட் வீட்டுப் பரிசோதனை அட்டையை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தச் சிவப்புக் கோடு பெரும்பாலான அட்டைகளில் தங்க நானோ துகள்களின் நிறம். தங்கம் அந்த அளவில் மஞ்சளாக இருப்பதில்லை. குடலுக்குள் இது எளிதல்ல. சளியும் புரதமும் பரப்பில் படிந்து உணரியைக் குருடாக்கிவிடும். இத்துறையில் இருப்பவர்களின் முதல் தலைவலி அதுதான்.

'மீநுண்' வேண்டாம் என்பேன். ஒரு பாக்டீரியா சுமார் 1 மைக்ரோமீட்டர், அதாவது 1000 நானோமீட்டர். ஒரே வரியில் நுண்ணுயிரும் மீநுண்பொருளும் வந்தால் படிப்பவர் அளவைத் தவறவிடுவார். 'நானோ' என்பது பாடநூலிலேயே நிலைத்துவிட்டது, அப்படியே இருக்கட்டும்.

'உயிருணரி' நல்ல சொல், வரையறையோடு எழுதினால். உயிரை உணர்வது என்று பலர் கொள்கிறார்கள். உயிர்ப்பொருளைக் கொண்டு உணர்வது என்பதே பொருள். 2018-இல் இரண்டு மாத்திரைக் கருவிகள் வெளிவந்தன. மெல்போர்ன் குழுவினுடையது மனிதர் குடலில் ஹைட்ரஜன், கரியமில வாயு, ஆக்சிஜனை அளந்தது. அதில் உயிர்ப்பொருள் கிடையாது, ஆகவே வெறும் உணரி. எம்.ஐ.டி. குழுவினுடையதில் மரபணு மாற்றிய ஈ.கோலை பாக்டீரியா இருந்தது. பன்றியின் வயிற்றில் இரத்தம் இருந்தபோது அது ஒளிர்ந்தது, உள்ளிருந்த சில்லு அந்த ஒளியை உணர்ந்து கம்பியில்லாமல் வெளியே சைகை அனுப்பியது. அதுவே உயிருணரி.

> திணை என்றால் 'குடற்றிணை' என்று புணர வேண்டுமே, யார் வாசிப்பார்கள்?

உண்மைதான் அம்மா. அதனால்தான் 'குடல் நுண்ணுயிர்த்திணை' என்று நடுவில் நுண்ணுயிரை வைத்தேன். உயர்திணை, அஃறிணை என்ற இலக்கணப் பொருளோடு குழம்பவும் இடமில்லை.

பட்டியலில் இப்படிச் சேர்க்கக் கேட்கிறேன்: மைக்ரோபயோட்டா – நுண்ணுயிர்த்தொகுதி; மைக்ரோபயோம் – நுண்ணுயிர்த்திணை; நானோ பயோசென்சர் – நானோ உயிருணரி. உணர்ந்ததை மின்சைகையாக மாற்றும் பகுதியான டிரான்ஸ்டியூசருக்கு 'ஆற்றல் மாற்றி' போதுமா என்று மின்னணுவியல் நண்பர்கள் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
குன்னூரிலிருந்து