இசை இதழ் வடிவமைப்பு: எந்த வழக்கத்தை வைத்துக்கொள்வது, எதை உடைப்பது? (அனுபவப் பகிர்வு)

பட்டாலை (காரைக்குடி):
காரைக்குடியிலிருந்து வரப்போகும் காலாண்டு இசை இதழ். உள்ளே 48 பக்கம், ஒற்றைக் கலர். அட்டை 4 பக்கம், நாலு கலர். இதழ் என்றால் மேலே பெரிய தலைப்பு, நடுவில் கலைஞர் முகம், இடது ஓரம் தலைப்புச் செய்திகள், கீழ் மூலையில் பார்கோடு என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அதை எவ்வளவு தூரம் பின்பற்றலாம், எங்கே மீறினால் அடி விழும்? வேலை செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், அளவும் காரணமும் போதும்.

நாலுகலர் (அச்சகம்):
முதலில் அளவை முடிவு செய்யுங்கள். ஏ4 என்று எல்லோரும் வாய்ப்பழக்கமாகச் சொல்வார்கள். நம் பக்கத்து அச்சகங்களில் சுலபமாகக் கிடைப்பது 23×36 அங்குலத் தாள். ஏ4 உயரம் 11.69 அங்குலம், இரண்டு பக்கம் அடுக்கினால் 23.38. தாளே 23தான். ஓரம் வெட்ட இடம் கேட்பது இருக்கட்டும், பக்கமே அடங்காது. 25×36 வாங்கினால் அடங்கும், வெட்டிப் போடும் கழிவுக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டும். 8.5×11 வைத்துக்கொண்டால் ஒரு முழுத் தாளில் இரு புறமும் சேர்த்து 16 பக்கம், 48 பக்கத்துக்குச் சரியாக 3 தாள். 18×23 மெஷின் மட்டும் உள்ள இடத்திலும் அதே தாளைப் பாதியாக வெட்டி ஓட்டிவிடலாம்.

பைண்டிங்கில் இசை இதழுக்கென்று ஒரு விஷயம் உண்டு. முதுகில் பசை போட்டு ஒட்டினால் புத்தகம் மாதிரி கம்பீரமாக இருக்கும், ஆனால் தரையில் விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்ளும். வீணையை மடியில் வைத்திருப்பவர் எந்தக் கையால் பிடிப்பார்? நடுவில் பின் அடியுங்கள், தட்டையாகக் கிடக்கும். 48 பக்கம் என்றால் நாலு பக்கம் கொண்ட மடித்த தாள் 12 ஒன்றுக்குள் ஒன்று போகும். 70 ஜி.எஸ்.எம். மேப்லித்தோவில் (வழவழப்புப் பூச்சில்லாத தாள்) நடுத்தாள் ஏறக்குறைய 1 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும், வெட்டும்போது அந்த 1 மி.மீ. போய்விடும். பக்க எண்ணை ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே வையுங்கள். 4 மி.மீ.யில் வைத்தால் முதல் பக்கத்துக்கும் நடுப்பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் குத்தும்.

உள்ளே ஆர்ட் பேப்பர் போட ஆசைப்பட வேண்டாம். ஸ்வரக் குறிப்பு உள்ள பக்கத்தில் படிக்கிறவர் பென்சிலால் குறிப்பார். வழவழத் தாளில் பென்சில் ஏறாது.

சரளிவரிசை (தேவகோட்டை):
ஸ்வரக் குறிப்பைப் பற்றி நாலுகலர் அண்ணே தொட்டுவிட்டுப் போய்விட்டார். இசை இதழில் அதிகமாகச் சொதப்புவது அங்கேதான்.

ஏழு ஸ்வரம் கொண்ட ஒரு சுற்று ஒரு ஸ்தாயி. மேல் ஸ்தாயிக்கு ஸ்வரத்தின் மேல் புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் கீழே புள்ளி என்பது வழக்கம். ரோமன் எழுத்தில் ஒரு சிக்கலும் இல்லை. தமிழில் எழுத்தின் மேல் புள்ளி வைத்தால் அது மெய்யெழுத்து. மேல் ஸ்தாயி 'ச' அச்சில் 'ச்' ஆகிவிடும். டைப் செய்கிறவர் புள்ளிக்கான விசையைத் தட்டுவார். ச, க, ம, ப, த ஐந்திலும் ஏறும். ரி, நி இரண்டிலும் ஏற்கெனவே கொக்கி இருப்பதால் யூனிகோடு எழுத்துரு ஏற்காது. புள்ளிக்குப் பதில் புள்ளிக்கோடு போட்ட ஒரு வட்டம் வந்து உட்காரும். அதை மெய்ப்புப் பார்க்கிறவர் அழித்துவிடுவார். கீர்த்தனையில் மேல் ரிஷபம் எல்லாம் ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். பாடிப் பார்த்தால்தான் தெரியும், படித்தால் தெரியாது.

பல வழி பார்த்ததில் நிற்பது அட்டவணை முறைதான். ஒரு ஆவர்த்தன (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) வரிக்கு நாலு குறுக்கு வரிசை: மேல் புள்ளிக்கு 2.5 மி.மீ. உயரத்தில் ஒன்று, ஸ்வரத்துக்கு ஒன்று, கீழ்ப் புள்ளிக்கு ஒன்று, சாகித்தியத்துக்கு (பாட்டின் சொற்கள்) ஒன்று. புள்ளி எழுத்தை ஒட்டாமல் மேலே தனியாக நிற்பதால் யாரும் அதை மெய்யாகப் படிப்பதில்லை. கோடு தெரியாமல் அட்டவணையை மறைத்துவிடலாம். தாளத்தின் ஒற்றைக் கோடும் இரட்டைக் கோடும் மட்டும் தெரிய வேண்டும்.

எழுத்தளவு 14 பாயின்டுக்குக் குறைய வேண்டாம், இதழ் தரையில் கிடக்கிறது, கண் இரண்டரை அடி உயரத்தில் இருக்கிறது. அந்த அளவில் ஒரு ஸ்வரம் இடைவெளியோடு 6 மி.மீ. பிடிக்கும். ஆதி தாளத்தில் 8 அட்சரம் (தாள எண்ணிக்கை), ஒன்றுக்கு 4 ஸ்வரம் என்றால் 32 ஸ்வரம், 192 மி.மீ. ஆகிறது. ஓரம் போக உங்களுக்கு மிஞ்சுவது 178. எழுத்தைச் சின்னதாக்குவார்கள், அது தப்பு. தாளத்தின் முதல் பகுதியான லகு முடிகிற இடத்தில் வரியை உடையுங்கள். மேல் வரியில் லகுவின் 4 அட்சரம், கீழ் வரியில் இரண்டிரண்டு அட்சரமாக இரண்டு துருதம். தாளம் போடுகிற கைக்கும் அதுவே இயல்பான நிறுத்தம்.

மூன்று பத்தி அமைப்பு என்கிற இதழ் வழக்கம் இந்தப் பக்கங்களில் தானாகவே விழுந்துவிடும். விழட்டும்.

மைக்கூடு (டி.டி.பி., காரைக்குடி):
மூன்று பத்தியே மற்றப் பக்கங்களிலும் தமிழுக்குச் சரிப்படாது. நம் சொற்கள் நீளம், 55 மி.மீ. அகலத்தில் இரு ஓரமும் சமன் செய்தால் ஒரு வரியில் மூன்று சொல், நடுவில் கிணறு கிணறாக ஓட்டை. இரண்டு பத்தி வையுங்கள், 10 பாயின்ட் எழுத்துக்கு 14.5 வரி இடைவெளி. ஆங்கில மாதிரியைப் பார்த்து 12 வைத்தால் மேல் வரியின் 'ழு'வும் கீழ் வரியின் 'கீ'யும் முட்டிக்கொள்ளும்.

ஆங்கில இசை இதழ்களில் தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்து, மேற்கோள் சாய்வெழுத்து. தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது. சாய்வு என்பது கம்ப்யூட்டர் தள்ளிவிட்டுச் சாய்ப்பதுதான், சுழி எல்லாம் நெளிந்துபோகும். தடிமனாலும் அளவாலும்தான் வேறுபாடு காட்ட முடியும். மெல்லிசு, நடுத்தரம், தடிப்பு என்று குறைந்தது மூன்று கனம் உள்ள எழுத்துரு குடும்பமாக எடுங்கள். ஐந்து எழுத்துரு கலந்தால் கல்யாண பிளக்ஸ்தான்.

கட்டுரையின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் வழக்கத்தில் ஒரு பொறி இருக்கிறது. யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவில் 'கொ' என்பது மூன்று தனி எழுத்து. ஒரு எழுத்தைப் பெரிதாக்கு என்றால் கொம்பு மட்டும் பெரிதாகி நிற்கும். எண்ணிக்கையை 3 என்று மாற்ற வேண்டும். எழுத்துகளை விரித்துப் பரப்புவதும் அதே கதை: கொம்பு ஒரு ஊர், எழுத்து ஒரு ஊர். யூனிகோடுக்கு மாறினால் இன்டிசைன் பக்க அமைப்பு மென்பொருளில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்கிற வசதியைப் பத்தி அமைப்பிலேயே தேர்ந்துவிடுங்கள். இல்லாவிட்டால் கொம்பு இடம் மாறி உட்காரும்.

பட்டாலை:
அமெரிக்க வடிவமைப்பாளர் டேவிட் கார்சன் 1994இல் ரே கன் என்கிற இசை இதழில் ஒரு பாடகரின் பேட்டி சலிப்பாக இருக்கிறது என்று முழுவதையும் படிக்கவே முடியாத குறி எழுத்துருவில் போட்டாரே, அந்த அளவு துணிச்சல் இங்கே எடுபடுமா?

மைக்கூடு:
இங்கே அதற்குத் துணிச்சல் தேவையில்லை, அச்சகத்தில் எழுத்துரு இல்லாவிட்டால் போதும். முழுக் கட்டுரையும் ஆங்கிலக் கிறுக்கலாக வந்து சேரும். பி.டி.எஃப். எடுக்கும்போது எழுத்துருவை உள்ளடக்குங்கள், தலைப்புகளைக் கோட்டுருவாக (எழுத்துரு தேவைப்படாத வரைவடிவமாக) மாற்றுங்கள்.

வெளிச்சம் (கானாடுகாத்தான்):
அட்டைக்கு வருகிறேன். முகம் கேமராவைப் பார்க்க வேண்டும், இடுப்பளவு படம் வேண்டும் என்பது பாப் இதழ்களின் வழக்கம். கேட்பவரோடு கண்ணால் பேசுகிறார் என்று கணக்கு. நம் கலைஞர்கள் வாசிக்கும்போது கண்ணை மூடியிருப்பார்கள். கச்சேரியில் எடுத்தால் வாயை மைக் மறைக்கும், பின்னால் நன்கொடையாளர் பேனர். அதனால் தனியாக உட்கார வைத்து எடுப்பதே மேல்.

வாத்தியத்தின் வடிவம் பெரிய தலைவலி. நாகஸ்வரம் நிமிர்ந்த அட்டைக்கென்றே செய்தது மாதிரி. வீணை நாலடி, குறுக்கே கிடக்கும். முழு வீணையும் தெரிய வேண்டும் என்றால் ஆள் சின்னதாகி, மேலும் கீழும் சும்மா கிடக்கும். முகத்தைப் பெரிதாக்கினால் ஒரு முனையில் உள்ள யாளி முகமோ மறுமுனையில் உள்ள குடமோ வெட்டுப்படும். காரைக்குடி சகோதரர்களில் மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்தவர், தம்பி சாம்பசிவ ஐயர் வழக்கப்படி குறுக்கே. இருவரும் சேர்ந்திருக்கும் பழைய படத்தைப் பார்த்தால் அட்டைக்கு வேண்டிய நெடுக்கும் குறுக்கும் அதிலேயே இருக்கிறது. இன்றைய கலைஞரை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லி நடிக்க வைக்கக் கூடாது, கை வைக்கும் இடமே பொய்யாகிவிடும். முன் அட்டையும் பின் அட்டையும் சேர்த்து 17 அங்குலத்துக்கு ஒரே படமாக ஓட்டுங்கள். முகமும் யாளியும் முன்னால், குடம் முதுகைத் தாண்டிப் பின்னால். பின் அட்டை விளம்பரக் காசு போகும், அதற்கு மனசு வேண்டும்.

வளவில் (செட்டிநாட்டு வீட்டின் முற்றப் பகுதி) எடுப்பதானால் காலை ஒன்பது, பத்து மணிக்குள். உச்சி வெயில் முற்றத்தில் நேராக விழுந்தால் கண்குழி இருண்டுவிடும். முட்டை வெள்ளை தேய்த்த சுண்ணாம்புச் சுவர் கண்ணாடி மாதிரி, பிளாஷ் போட்டால் வெள்ளைத் திட்டு. கண்டாங்கிச் சேலையின் பொடிக் கட்டம் சில தூரத்தில் அலை அலையாக நெளியும்; அங்கேயே திரையில் 100 சதவீதத்தில் பார்த்து, இரண்டடி முன்னே பின்னே போய் எடுங்கள்.

வாட்ஸ்அப்பில் படமாக வந்தது அட்டைக்கு ஆகாது. நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கியிருந்தால் அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் 5.3 அங்குலம்தான். உங்களுக்கு முன் அட்டைக்கு மட்டுமே வெட்டு ஓரத்தோடு 2625×3375 வேண்டும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

ஆச்சிவீடு (பள்ளத்தூர்):
தம்பி பட்டாலை, வெளிநாட்டு வழக்கத்தை மீறுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். நம்ம ஊர் வழக்கத்தை என்ன செய்வதாக உத்தேசம்? ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூ பார்டர். காபித்தூள் பையில் இருக்கிறது, காலண்டரில் இருக்கிறது, ஜவுளிக்கடைப் பையில் இருக்கிறது. அதையே 15 சதவீதம் மங்கலாக்கிக் கட்டுரைக்குப் பின்னால் விரித்தால் எழுத்துக்குள் எல்லாம் பூ முளைக்கும். ஒரே ஒரு கல்லை எடுத்து, 8 மி.மீ. அளவில் கட்டுரை முடிகிற இடத்தில் வையுங்கள், போதும்.

அடுத்தது விழா மலர் பழக்கம். மேலே பிள்ளையார் சுழி, முதல் எட்டுப் பக்கம் வரிசை வரிசையாக நன்கொடையாளர் படம், அப்புறம்தான் பொருளடக்கம். நம் அச்சகங்களுக்குக் கும்பாபிஷேக மலர் கை பழகிய வேலை, சொல்லாவிட்டால் அப்படியே கட்டிவிடுவார்கள். சுழியை எடுக்க வேண்டாம், எடுத்தால் வீட்டில் மட்டுமில்லை, விளம்பரம் தருகிறவரிடமும் பேச்சு வாங்க வேண்டும். படங்களை மட்டும் கடைசி நாலு பக்கத்துக்குத் தள்ளுங்கள். பொருளடக்கம் 3ஆம் பக்கம், வலது கைப்பக்கம். முழுப்பக்க நகைக்கடை விளம்பரம் ஸ்வரக் குறிப்பு உள்ள தாளின் மறுபக்கம் வரக்கூடாது. கறுப்பு அடர்ந்த விளம்பரம் மெல்லிய தாளில் மறுபுறம் தெரியும், புள்ளி எது கறை எது என்று தெரியாமல் போகும்.

நாலுகலர்:
ஆச்சி சொன்னதற்கு மேல் ஒன்று. பார்கோடு. பெட்டிக்கடையில் யாரும் ஸ்கேன் செய்வதில்லை. பெரிய புத்தகக் கடைக்குக் கொடுக்காவிட்டால் அந்த மூலையை மீட்டுக்கொள்ளலாம். கொடுப்பதானால் முழு அளவு 37.29×25.93 மி.மீ., 80 சதவீதத்துக்குக் கீழே சுருக்க வேண்டாம், சுற்றி வெள்ளை விடுங்கள். கோட்டைக் காவிச் சிவப்பில் போட்டால் அழகாக இருக்கும், ஸ்கேனரின் சிவப்பு ஒளிக்கு அது வெள்ளையாகத் தெரியும். கறுப்புதான்.

அட்டையில் இதழின் பெயரைக் கலைஞரின் தலை மறைப்பது பெரிய இதழ்களின் வழக்கம். பெயரைப் பாதி பார்த்தாலே தெரியும் என்கிற தைரியம். புது இதழ் அதைச் செய்யக் கூடாது. நம் கடைகளில் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கும், ஒன்றின் மேல் ஒன்று ஏறும். கிளிப் பிடிக்கிற மேல் 15 மி.மீ.யில் எழுத்து வேண்டாம். பெயர் அதற்குக் கீழே, முழுசாக.

ஆசிரியர், வெளியிடுபவர், அச்சிடுபவர் பெயரும் இடமும் ஒவ்வொரு பிரதியிலும் வேண்டும், அது சட்டம். தலைப்புப் பதிவை முதலில் முடியுங்கள். பெயர் கிடைக்காமல் போனால் எழுத்து வரைந்த காசு தண்டம்.

சரளிவரிசை:
பழைய தமிழ் இதழ்கள் இந்தச் சிக்கல்களை ஈய எழுத்தில் எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்க்க வேண்டுமானால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போங்கள். நம் கோட்டையூர்ச் சேகரிப்புதான், 1994 முதல் அங்கே இருக்கிறது. பார்க்கும்போது ஸ்கேல் ஒன்று கையில் இருக்கட்டும், ஓரமும் வரி இடைவெளியும் அளந்து குறித்துக்கொள்ளலாம்.

பட்டாலை:
8.5×11, பின், மேப்லித்தோ, இரண்டு பத்தி, குறிப்புக்கு அட்டவணை. பார்கோடு இல்லை. சுழி இருக்கும், படங்கள் கடைசியில். பின் அட்டையை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை, ஒரு நகைக்கடை ஏற்கெனவே கேட்டிருக்கிறது.