புதுப்பிப்பு: பூட்டிய மாடிக்கும் குப்பைக் கட்டணமா?

மூன்று வாரங்களுக்கு முன் இங்கே புலம்பியிருந்தேன். ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் மாடியையும் சேர்த்து இரண்டு வீட்டுக் கணக்கில் குப்பைக் கட்டணம், நான்கு அரையாண்டு நிலுவை. அதைக் கட்டினால்தான் சொத்து வரியையே வாங்குவோம் என்று எங்கள் ஊர் வரி வசூல் மையத்தில் சொல்லிவிட்டார்கள். "கட்டாதீர்கள், சட்டத்தில் இடமில்லை" என்று பலர் தைரியம் சொன்னீர்கள்.

இடம் இருந்தது. அப்போது நடப்பில் இருந்த 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளில் 4-ஆவது விதி, குப்பையை உருவாக்குபவர் அனைவரும் உள்ளாட்சியின் துணைவிதி சொல்லும் கட்டணத்தைச் செலுத்த வேண்டும் என்றது. சென்னையில் 2021 ஜனவரி முதல் வீடுகளுக்கு 10 முதல் 100 ரூபாய் என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைத்தார்களே, அந்த நினைப்பிலேயே நாம் பேசிக்கொண்டிருந்தோம் போலும்.

ஆகவே வாதத்தை மாற்றினேன். 'உருவாக்குபவர்' என்றால், பூட்டிய வீட்டில் அது யார்? பல்லியா? அங்கே ஆளில்லை என்பதற்குச் சான்றாக மாடியின் மின் கணக்கீட்டு அட்டையை இணைத்து மனுக் கொடுத்தேன். ஆய்வுக்கு வந்தவர், தினமும் குப்பை வண்டியோடு வரும் அக்காவிடமே விசாரித்தார். "மாடியிலிருந்து ஒரு வாளிகூட வந்ததில்லை சார்" என்றார் அவர். அந்த ஒரு வாக்கியம் என் நான்கு பக்க மனுவை விட வேலை செய்தது.

மாடிக் கணக்கு நீக்கப்பட்டது. கீழ்வீட்டு நிலுவையை முழுதாகக் கட்டிவிட்டேன். அது நியாயமான பாக்கிதான். சொத்து வரியையும் அன்றே வாங்கிக்கொண்டார்கள். முதலில் ஏன் மறுத்தார்கள் என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை.