எல்லாப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது, அம்மாவின் வலி மட்டும் குறையவில்லை: இது மனச்சோர்வாக இருக்குமா?

தாமிரபரணி (கேள்வி):
வணக்கம். என் அம்மாவுக்கு வயது 58. தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக வசிக்கிறார். ஓராண்டுக்கு மேலாகக் கழுத்திலிருந்து தோள்பட்டை வரை வலி, உள்ளங்கால் எரிச்சல், தலைபாரம், சாப்பிட்டதும் வயிற்று உப்புசம், நெஞ்சு அடைப்பது போன்ற உணர்வு என்று மாற்றி மாற்றிச் சொல்லி வருகிறார். ஈசிஜி, எக்கோ, எண்டோஸ்கோபி, கழுத்துக்கு எம்ஆர்ஐ ஆகிய அனைத்தும் எடுத்தாயிற்று. வயதுக்கேற்ற தேய்மானம் என்பதற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. சென்ற வாரம் பார்த்த பொதுமருத்துவர் உறக்கத்தைப் பற்றி நெடுநேரம் விசாரித்துவிட்டு, இது மனச்சோர்வாக இருக்கலாம், மனநல மருத்துவரைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். "வலிக்கிறது என்றுதானே சொல்கிறேன், எனக்கென்ன பைத்தியமா?" என்று அம்மா அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கவலையாக இருக்கிறது என்று ஒரு நாளும் சொல்லாதவருக்கு மனச்சோர்வு வருமா? அல்லது நோயைக் கண்டுபிடிக்க முடியாத மருத்துவர்கள் இப்படிச் சொல்லித் தட்டிக் கழிக்கிறார்களா?

பொதுமருத்துவன்:
இரண்டாவது ஐயம் நியாயமானது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். பரிசோதனைகளில் ஒன்றும் தென்படவில்லை என்பதை மட்டுமே வைத்து மனச்சோர்வு என்று முடிவு கட்டக் கூடாது. அந்த நோய்க்கே உரிய அடையாளங்கள் இருக்க வேண்டும். முன்பு விரும்பிச் செய்தவற்றில் நாட்டமின்மை, விடியற்காலை மூன்று மணி நான்கு மணிக்கே விழிப்பு வந்து மீண்டும் உறங்க முடியாமை, காலையில் மிகவும் தளர்ந்து மாலையில் சற்றுத் தெளிதல், பசியின்மை, சிறு முடிவுக்கும் தடுமாறுதல், பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோம் என்ற எண்ணம் ஆகியவற்றில் பல, இரண்டு வாரங்களுக்கு மேல், பெரும்பாலான நாட்களில் நீடிக்கின்றனவா என்று பார்ப்போம். உங்கள் மருத்துவர் உறக்கத்தை விசாரித்தது இதற்காகத்தான். தட்டிக் கழிப்பவர் அவ்வளவு நேரம் செலவிட மாட்டார்.

கவலையைச் சொல்லாமல் வலியை மட்டும் சொல்வது அரிதன்று. உலகச் சுகாதார நிறுவனம் பெங்களூரு உட்பட 14 நாடுகளின் மையங்களில் திரட்டிய தரவுகளை வைத்து 1999இல் வெளியான ஆய்வொன்றில், பொதுமருத்துவரிடம் வந்தவர்களுள் மனச்சோர்வு உறுதியான 1,146 பேரில் 69 விழுக்காட்டினர் உடல் தொல்லைகளை மட்டுமே காரணமாகக் கூறியிருந்தனர். ஆனால் மனநிலையைப் பற்றி நேரடியாகக் கேட்டபோதும் ஒன்றுமில்லை என்று மறுத்தவர்கள் 11 விழுக்காட்டினரே. கேட்டால் பெரும்பாலோர் சொல்லிவிடுகிறார்கள். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் நாங்கள் கேட்பதில்லை என்பதுதான் உண்மை.

அம்மாவின் வலி கற்பனையும் அன்று. உடலிலிருந்து மூளைக்குச் செல்லும் வலிச் செய்திகளை, மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப் பாதைகள் இடையில் மட்டுப்படுத்துகின்றன. அந்தப் பாதைகளில் வேலை செய்யும் செரட்டோனின், நார்அட்ரினலின் ஆகிய வேதிப்பொருள்களே மனநிலையோடும் உறக்கத்தோடும் தொடர்புடையவை. அந்தக் கட்டுப்பாடு தளரும்போது, சாதாரணக் கழுத்துத் தேய்மானமும் தாங்க முடியாத வலியாகிவிடுகிறது.

ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். உள்ளங்கால் எரிச்சல் இருப்பதால் ரத்தச் சர்க்கரை, வைட்டமின் பி12, தைராய்டு, ஹீமோகுளோபின் ஆகியவை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். பெரிய ஸ்கேன்களை எல்லாம் எடுத்துவிட்டு இந்த எளிய ரத்தப் பரிசோதனைகளை விட்டுவிடுவது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. காய்ச்சல், கை கால் பலவீனம், விரைவான எடை இழப்பு போன்றவை பின்னர் தோன்றினால், மனச்சோர்வு என்று ஏற்கெனவே எழுதியாயிற்றே என்று இருந்துவிடாமல் மறுபடியும் காட்ட வேண்டும்.

முல்லைக்கொடி:
எங்கள் பெரியம்மாவும் இப்படித்தான் இருந்தார். அவரை அழைத்துச் செல்ல வேண்டியிருந்ததால் அந்தப் பகுதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். "உனக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் மனசுதான்" என்ற வாக்கியத்தை வீட்டில் ஒருவரும் சொல்லக் கூடாது. வலியும் உறக்கமின்மையும் சேர்ந்தே குறைவதற்கு ஒரு மருத்துவம் இருக்கிறது, அதைத் தருபவர் இந்த மருத்துவர் என்று சொல்லுங்கள், அது பொய்யில்லை. நோயின் பெயரை மறைப்பதையும், மாத்திரையைச் சாப்பாட்டில் கலந்து கொடுப்பதையும் நான் ஏற்க மாட்டேன், தெரிய வரும் நாளில் நம்பிக்கை மொத்தமும் போய்விடும். மந்திரித்துக் கயிறு கட்டினால் கட்டிக்கொள்ளட்டும், சிகிச்சையை நிறுத்தாதவரை அதற்காகச் சண்டை வேண்டாம். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் புறநோயாளிப் பிரிவு உண்டு. நேரில் வரத் தயங்கினால், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநலச் சேவையின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

தாமிரபரணி:
இருவருக்கும் நன்றி. விடியற்காலை விழிப்பு இருக்கிறது; வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனவர், மாதக்கணக்கில் போகவில்லை என்று பக்கத்து வீட்டு அத்தை இப்போதுதான் சொன்னார். தங்கை பேசியதில் அம்மா ஒருவழியாக மனநல மருத்துவரைப் பார்க்க வந்தார். எஸ்சிடலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையை எழுதியிருக்கிறார்கள். இது பழக்கமாகி வாழ்நாள் முழுவதும் போட வேண்டியதாகிவிடுமா? கடையில் வாங்கும் வலி மாத்திரையையும் அவர் விடவில்லை.

மனநல மருத்துவர்:
அல்பிரசோலம் போன்ற உறக்க மாத்திரைகளைப் போல எஸ்சிடலோபிராம் அடிமையாக்குவதில்லை. ஆயினும் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் படபடப்பும் வரக்கூடும் என்பதால், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். முதல் வாரங்களில் குமட்டல், தலைவலி, சற்றுப் பதற்றம் ஆகியவை தோன்றலாம். பலனோ இரண்டு முதல் நான்கு வாரங்களில்தான் தெரியத் தொடங்கும். பக்கவிளைவு முன்னும் பலன் பின்னுமாக வருவதால்தான் பலர் பத்தாம் நாளே மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். முழுமையாகத் தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதங்கள் தொடர வேண்டும். வலி அடங்காவிட்டால் டுலோக்செட்டின் போன்ற மாற்று மருந்துகளும் உள்ளன. மாத்திரையோடு உளவியல் ஆலோசனையும் அன்றாட நடைப்பயிற்சியும் சேர்ந்தால் பலன் கூடும்.

நீங்கள் கடைசியாகக் குறிப்பிட்ட வலி மாத்திரைதான் என்னை உறுத்துகிறது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை எஸ்சிடலோபிராமோடு சேர்த்தால் இரைப்பையில் ரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. டிரமடால் என்ற வலி மருந்து சேர்ந்தால் நடுக்கம், காய்ச்சல், குழப்பம் என்று செரட்டோனின் அளவுமீறிய நிலை வரக்கூடும். அட்டையைப் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அவசரத்துக்குப் பாரசிட்டமால் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவராக இருந்தால், சோடியம் குறையக்கூடும் என்பதால் அதையும் சொல்லிவிடுங்கள்.

வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வருகிறதா என்று அம்மாவிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டில் இருந்தால், அவர் என்ன பதில் சொன்னாலும், அதை இன்றே வெளியேற்றிவிடுங்கள்.