கிராம சபையில் கேட்ட வேலை ஊராட்சித் திட்டத்தில் ஏறுவதே இல்லை, என்ன செய்வது?

கீழத்தெரு:

வணக்கம். டெல்டா பக்கம் ஒரு சின்ன ஊராட்சி எங்களுடையது. எங்கள் தெருவில் சாக்கடை கிடையாது. குளிக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எல்லாம் வாசலிலேயே தேங்கி, மழைக்காலத்தில் அடிபம்பைச் சுற்றி நிற்கும். பிள்ளைகள் அதில்தான் நடந்து பள்ளிக்கூடம் போகிறார்கள். இரண்டு வருடமாக மே 1, ஆகஸ்ட் 15 என்று கிராம சபை நடக்கும்போதெல்லாம் எழுந்து கேட்கிறேன். "எழுதிக்கொண்டோம்" என்பார்கள். இந்த முறை "நிதி இல்லை, மேலே இருந்து வந்தால் பார்க்கலாம்" என்று முடித்துவிட்டார்கள். ஆனால் அடுத்த வாரமே, நன்றாக இருக்கிற மேலத்தெரு ரோட்டில் பேவர் பிளாக் பதிக்க ஆரம்பித்தார்கள். நான் போன எந்தக் கூட்டத்திலும் அதை யாரும் கேட்கவில்லை.

2025 ஜனவரியோடு உறுப்பினர்களின் பதவிக்காலமும் முடிந்து இப்போது அரசு நியமித்த தனி அலுவலர்தான் ஊராட்சியைப் பார்க்கிறார். யாரிடம் போய் நிற்பது என்றே தெரியவில்லை. ஊராட்சிப் பணத்தை எதற்குச் செலவு செய்வது என்பதில் எங்களுக்கு உண்மையிலேயே பங்கு உண்டா? உண்டு என்றால் எந்தக் கட்டத்தில் பேச வேண்டும்? செய்து பார்த்தவர்கள் சொன்னால் நல்லது.

பழைய வார்டு மெம்பர்:

தம்பி, பங்கு உண்டு. ஊராட்சித் திட்டத்துக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் தருவதே கிராம சபைதான், 1994 ஊராட்சிகள் சட்டத்திலேயே இருக்கிறது. நீங்கள் கேட்ட மாதம்தான் பிரச்சினை. வரும் ஏப்ரலில் தொடங்குகிற வருடத்துக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தை அக்டோபர் கிராம சபையை ஒட்டித் தயாரிக்க ஆரம்பிப்பார்கள், அடுத்த சில மாதங்களில் இணையத்தில் ஏற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு மே மாதம் போய்க் கேட்டால் அந்த வருடப் பட்டியல் முடிந்திருக்கும். திருத்தம் செய்ய வழி உண்டு, ஆனால் அந்த வேலையை யாரும் இழுத்துப் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அதனால் அக்டோபருக்கு முன்பே, செப்டம்பரிலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். எனக்கு இது புரியவே பதவியில் இரண்டு வருடம் ஆனது.

அப்புறம் "நிதி இல்லை" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், எந்த நிதி இல்லை என்று கேளுங்கள். 2021 முதல் 2026 வரைக்கான 15ஆவது நிதிக்குழு மானியத்தில், அதாவது மத்திய அரசு ஊராட்சிகளுக்குத் தந்த பணத்தில், 30 சதவீதத்தைக் குடிநீர், மழைநீர் சேகரிப்புக்கு, 30 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு என்று கட்டிப்போட்டிருந்தார்கள். மீதி 40 சதவீதத்தில்தான் ஊர் தன் விருப்பப்படி ரோடு, விளக்கு என்று செய்ய முடிந்தது, சம்பளத்துக்கு அதைத் தொடக்கூடாது. பேவர் பிளாக் அநேகமாக அந்த 40இல்தான் போயிருக்கும், அதில் உண்மையிலேயே மிச்சம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் வீட்டுக் கழிவுநீரை அப்புறப்படுத்துவது சுகாதாரப் பங்கில் வரும். நீங்கள் வெறுமனே "சாக்கடை வேண்டும்" என்று கேட்டால் அதை ரோட்டு வேலையோடு சேர்த்துப் பார்ப்பார்கள். "கீழத்தெருவில் இத்தனை வீட்டின் கழிவுநீர் வெளியேற்றம், முடிவில் உறிஞ்சுகுழி" என்று எழுதிக் கொடுங்கள். வேலை ஒன்றுதான், பணம் வருகிற பை வேறு.

கணக்கு பார்ப்பவன்:

மேலே சொன்னதோடு ஒன்று. இ கிராம் சுவராஜ் என்று ஊராட்சித் திட்டத்தையும் கணக்கையும் ஏற்றுகிற அரசு இணையதளம் இருக்கிறது, அதில் மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, வருடம் போட்டால் ஒப்புதல் வாங்கிய பட்டியலும் செலவும் வரும். பேவர் பிளாக் வேலை அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கூட்டத்தில் படிவம் 30 வைக்க வேண்டும், வரவு செலவு அதில் இருக்கும், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கலைவதற்கு முன்னால் தீர்மானத்தை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் கோரிக்கை தெருப் பெயரோடு தீர்மானப் புத்தகத்தில் ஏறாவிட்டால் நீங்கள் பேசியது காற்றோடு போய்விடும். நகல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் மனு, 30 நாள்.

குழு அக்கா:

தனியாக எழுந்து கேட்காதீங்க தம்பி. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்குக் குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்ல வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆள், 100 பேர். எங்கள் ஊரில் அந்த 100 கையெழுத்தில் பெரும்பாலும் நூறு நாள் வேலைக்கு வருகிற பெண்களுடையதுதான். கையெழுத்து போட்டுவிட்டு, அடுப்பு வேலை இருக்கிறதென்று பாதியில் கிளம்பிவிடுவோம். தீர்மானம் அதற்குப் பிறகுதான் எழுதப்படும். போன வருடம் ஐந்து மகளிர் குழுக்கள் பேசிவைத்து, முடிகிற வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை. மூன்று வருடமாகக் கேட்ட தெருவிளக்கு அன்றைக்குத்தான் தீர்மானத்தில் ஏறியது.

இன்னொன்று, மகளிர் குழுக்கள் தங்கள் பங்குக்கு ஒரு வறுமை ஒழிப்புத் திட்டம் தயாரித்து கிராம சபையில் கொடுத்து, அதை ஊராட்சித் திட்டத்தோடு சேர்க்க வேண்டும். எங்களுக்கே இது பயிற்சியில்தான் தெரிந்தது. உங்கள் தெருவில் குழு இருந்தால் அவர்கள் கோரிக்கையிலும் இதைச் சேர்த்துவிடுங்கள்.

பாலக்காட்டுவாசி:

வேலை விஷயமாகப் பத்து வருடமாகக் கேரளத்தில் இருக்கிறேன். இங்கே 1996இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கினார்கள். பணம் வரும் என்று தெரிந்ததால்தான் மக்கள் வந்து உட்கார்ந்தார்கள். கிராம சபை வார்டுக்கு ஒன்று, அதனால் நம் தெருச் சாக்கடையைப் பேச நேரம் இருக்கும். அதன் பிறகு பணிக்குழு, வளர்ச்சிக் கருத்தரங்கு என்று நடந்து, கேட்ட வேலை ஏன் சேர்ந்தது, ஏன் விடுபட்டது என்று விவாதம் வரும். இங்கேயும் குறை உண்டு, வீடு, ஆடு, மாடு பயனாளிப் பட்டியலில் பெயர் வேண்டியவர்கள்தான் அதிகம் வருகிறார்கள். ஆனாலும் "மேலே இருந்து வந்தால் பார்க்கலாம்" என்ற பதிலை நான் இங்கே இவ்வளவு சுலபமாகக் கேட்டதில்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 ஊராட்சிகள், கேரளத்தைவிடச் சிறியவை, மக்களுக்கு இன்னும் பக்கத்தில் இருப்பவை. கையில் பணமும் தேர்ந்தெடுத்த ஆளும் இல்லாமல் அவற்றில் பலவற்றை வைத்திருப்பதுதான் எனக்கு ஆறவில்லை.

கீழத்தெரு:

எல்லோருக்கும் நன்றி. தளத்தில் பார்த்தேன், பேவர் பிளாக் வேலை பட்டியலில் இருக்கிறது. ஆக, எங்களுக்குத் தெரியாமல் முன்பே எழுதியிருக்கிறார்கள். சுகாதாரத் தலைப்பில் எங்கள் தெரு எங்குமே இல்லை. நேற்று சாயங்காலம் வீடு வீடாகப் போய் 23 வீட்டில் கையெழுத்து வாங்கினோம், குழுவில் இருக்கிற பெரியம்மாவும் கூட வந்தார்.

மெம்பர் அண்ணே, ஒரு சந்தேகம். எங்கள் ஊர் களிமண், உறிஞ்சுகுழி போட்டால் தண்ணீர் இறங்குமா?

பழைய வார்டு மெம்பர்:

நல்ல களிமண் என்றால் இறங்காது, மழையில் குழியே நிரம்பி வழியும். மனு கொடுக்கிறதற்கு முன்னால் ஒன்றிய ஓவர்சியரை ஒரு தடவை தெருவுக்குக் கூட்டிவந்து காட்டுங்கள். குழியை எங்கே வைப்பது, குழிக்குப் பதில் தண்ணீரை வடிகட்டி வெளியேற்ற வேறு என்ன செய்யலாம் என்று அவர் வாயால் வரட்டும். அவர் சொன்ன மாதிரியே மனுவில் எழுதுங்கள், இல்லையென்றால் "தொழில்நுட்ப ரீதியாகச் சாத்தியமில்லை" என்று ஒரு வரியில் திருப்பிவிடுவார்கள். எங்கள் ஊரில் அப்படித்தான் ஒரு வருடம் போனது.