மறு: ரெண்ட் ரிப்போர்ட்டிங்குக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்?

எல்லாருக்கும் வணக்கம். வாடகைதாரர் வாடகை கட்டின விவரத்த கிரெடிட் பீரோவுக்கு, அதாவது யார் கடன எப்படிக் கட்டறாங்கன்னு பதிவு வச்சிருக்கிற நிறுவனத்துக்கு, அனுப்பறதுதான் ரெண்ட் ரிப்போர்ட்டிங். நம்ம கலைச்சொல் பட்டியலுக்கு இதுக்கு ஒரு தமிழ்ச் சொல் கேட்டிருந்தாங்க.

இங்க ஒரு அக்கா 'வாடகைப் புகார்'னு போட்டிருந்தாங்க, அதுக்குக் கீழ ஒரு அண்ணன் 'வாடகைக் கரும்பட்டியல்'னு எழுதியிருந்தார், ரெண்டும் சட்டுனு வாயில வருது, ஆனா ரெண்டையுமே நாம பட்டியல்ல சேர்க்கக் கூடாதுன்னு நினைக்கிறேன்.

அமெரிக்காவுல இது எப்படி நடக்குதுன்னு பாருங்க. ஒரு வீடு ரெண்டு வீடு வாடகைக்கு விட்டிருக்கிற ஓனர் கோவத்துல நேரா எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், டிரான்ஸ்யூனியன்ங்கிற பீரோக்களுக்கு எழுதிப் போட்டுட முடியாது, இதுக்குன்னே இருக்கிற சேவை நிறுவனம் எதுலயாவது சேரணும், அவங்க மூலமாத்தான் வாடகை வந்த விவரம் பீரோவுக்குப் போகும். ரெண்டு நாள் மூணு நாள் லேட்டெல்லாம் பொதுவா பீரோ பதிவுல ஏறாது, 30 நாள் தாண்டணும். ஏறிடுச்சுன்னா 7 வருஷம் வரைக்கும் நிக்கும், அடுத்த வீடு தேடும்போதும் கார் லோன் கேக்கும்போதும் முன்னால வந்து நிக்கும். தப்பா ஏறியிருந்தா 1970ல வந்த ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் ஆக்ட்படி வாடகைக்கு இருக்கிறவர் மறுக்கலாம், பீரோ பொதுவா 30 நாளுக்குள்ள விசாரிக்கணும்.

முக்கியமான விஷயம், ஒழுங்கா கட்டினதும் இதே வழியாத்தான் போகுது. கலிஃபோர்னியாவுல 2025 ஏப்ரல்ல இருந்து, ஒழுங்கா கட்டற வாடகைய பீரோவுக்கு அனுப்பற வசதிய வாடகைதாரருக்கு ஓனரே முன்வந்து தரணும்னு சட்டம், 15 வீடோ அதுக்குக் குறைவாவோ உள்ள கட்டடங்களுக்குப் பெரும்பாலும் விலக்கு உண்டு. லோனே வாங்காதவங்களுக்கு, புதுசா குடியேறினவங்களுக்கு, நல்ல பேர் சேர்க்க இது ஒரு வழி. புகார்னு பேர் வச்சோம்னா இந்தப் பாதி அப்படியே காணாமப் போயிடும்.

இன்னொண்ணு, நம்ம சிங்கப்பூர்ல அந்த முறையே இல்ல. சிங்கப்பூர் கிரெடிட் பீரோவுக்கு விவரம் தர்றது வங்கி, நிதி நிறுவனம் மாதிரி உறுப்பினர்கள்தான், ஈசூன்ல வீவக (அரசாங்க வீடமைப்பு) வீட்டுல ஒரு ரூம வாடகைக்கு விட்டிருக்கிறவர் அங்க எதுவும் ஏத்த முடியாது. வாடகை பாக்கின்னா டெபாசிட்ல கழிக்கலாம், ரெண்டு வருஷத்துக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தம்னா சின்னத் தொகை வழக்குகள விசாரிக்கிற ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரைபியூனலுக்குப் போகலாம், 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைக்கும், ரெண்டு பேரும் எழுதிக் குடுத்து ஒத்துக்கிட்டா 30,000 வரைக்கும். அதனால 'கரும்பட்டியல்'னு ஒரு சொல் நம்ம பக்கம் புழங்க ஆரம்பிச்சா, சம்பளம் ஒரு வாரம் தள்ளிப்போன தம்பிய 'பேர ஏத்திடுவேன்'னு மிரட்ட அதுவே போதும், அவருக்கு அப்படி ஒண்ணு இங்க கிடையாதுன்னு தெரியாது, பயந்துபோய் வட்டிக்கு வாங்கிக் கட்டுவார். கலைச்சொல் உண்டாக்கற நாம அதுக்கு வழி விடக் கூடாது.

என் பரிந்துரை 'வாடகை வரவுப் பதிவு'. வரவுங்கிறது கணக்கு எழுதற எல்லாருக்கும் தெரிஞ்ச சொல், தேதிக்கு வந்ததும் அதுல அடங்கும், லேட்டா வந்ததும் அடங்கும். லேட்டான மாசத்த மட்டும் தனியா சொல்லணும்னா 'தாமதக் குறிப்பு'. 'வராக்கடன்' வேண்டாம், அது வங்கிக்காரங்க திரும்பி வராதுன்னு முடிவு கட்டின கடன், ஒரு மாச வாடகை பாக்கிய அங்க கொண்டுபோய் வைக்கறது அநியாயம்.

விவரத்த அனுப்பறவருக்கு, அனுப்புநர் பெறுநர் மாதிரியே 'தகவல் தருநர்'னு வைக்கலாமா? 'வழங்குநர்'னும் யோசிச்சேன், அது இன்டர்நெட் கம்பெனிக்கு ஏற்கனவே போயிடுச்சு. வங்கியில வேலை பாக்கறவங்க யாராவது இருந்தா உங்க பக்கம் என்ன புழங்குதுன்னு எழுதுங்க, அதப் பாத்துட்டு பட்டியல்ல ஏத்துவோம்.