கினெக்ட் 2: நேற்று அடையாளம் கண்டவரை இன்று வேறொருவர் என்கிறது. உதவி தேவை

கேட்டவர்: ஆய்வகத்தில் நாங்கள் 8 பேர். கதவுக்கு எதிரே கினெக்ட் 2 (எதிரில் இருப்பது எவ்வளவு தூரம் என்று அளக்கும் மைக்ரோசாஃப்ட் கேமரா) வைத்து, உள்ளே வருபவர் யார் என்று முகத்தைப் பார்க்காமல் உடல் அளவுகளை வைத்தே சொல்லும் நிரல் எழுதினேன். 25 மூட்டுப் புள்ளிகளிலிருந்து உயரம், தோள் அகலம், முன்கை, தொடை என 9 அளவுகள். பதிவு செய்த அன்று பிழையே இல்லை. மறுநாள் பாதிப் பேரை மாற்றிச் சொல்கிறது. என் முழங்கால் முதல் கணுக்கால் வரை நேற்று 41 செ.மீ., இன்று 38. ஒரே இரவில் தேய்ந்துவிட்டேனா? அல்காரிதத்தை மாற்றலாமா?

பதில் 1: அதில் கை வைக்காதீர்கள். நிரலுக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிக்கும், அது கற்றதைச் சரிபார்க்கும் சோதனைக்கும் தரவை எப்படிப் பிரித்தீர்கள்?

கேட்டவர்: ஆளுக்கு ஒரு நிமிடம் நடந்தோம். எல்லா ஃபிரேம்களையும் (வீடியோவின் தனித்தனிப் படங்கள்) கலைத்துப் போட்டு, 80 சதவீதம் பயிற்சிக்கு, 20 சோதனைக்கு.

பதில் 1: நினைத்தேன். நொடிக்கு 30 ஃபிரேம். சோதனைக்கு ஒதுக்கிய ஒவ்வொன்றுக்கும் அச்சு அசலான இரட்டை பயிற்சித் தரவில் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் நிரல் ஆளைப் படிக்கவில்லை, அந்த ஒரு நிமிடத்தை மனப்பாடம் செய்திருக்கிறது. ஒரு நாள் பதிவில் பயிற்சி, வேறொரு நாள் பதிவில் சோதனை என்று வையுங்கள்.

கால் தேயவில்லை. கேமராவுக்குத் தெரிவது துணியின் மேற்பரப்பு மட்டும். உள்ளே மூட்டு எங்கே என்பதை மென்பொருள் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஊகிக்கிறது. எலும்பின் நீளம் மாறாமல் இருக்க வேண்டும் என்ற கவலை அதற்கு இல்லை. சரியாகத் தெரியாததால் வெறும் ஊகம் என்று அதுவே குறித்துத் தரும் மூட்டுகளைத் தள்ளுங்கள். நேராக நடந்து வரும் ஃபிரேம்களை மட்டும் எடுத்து, இடைநிலை அளவை (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) கணக்கிடுங்கள். உயரத்துக்குத் தலை மூட்டை நம்பாதீர்கள், அது தலையின் நடுவில் இருக்கிறது. ஆழப்படத்தில் (ஒவ்வொரு புள்ளியும் கேமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்று காட்டும் படம்) உச்சந்தலையைக் கண்டுபிடித்து, தரைத்தளத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். தரைத்தளத்தின் சமன்பாட்டை மென்பொருளே தருகிறது.

பதில் 2: பாரிஸ் காவல்துறையில் 1880களில் அல்போன்ஸ் பெர்தியோன் 11 அளவுகளை வைத்துக் குற்றவாளிகளை அடையாளம் கண்டார். தலையின் நீள அகலம், இடது நடுவிரல், இடது பாதம் என்று தொட்டு அளக்கக்கூடிய இடங்களாகப் பார்த்துத்தான் எடுத்தார். நீங்களோ பேன்ட்டுக்குள் ஒளிந்திருக்கும் முழங்காலை 3 மீட்டர் தள்ளி நின்று அளக்கிறீர்கள்! அது இருக்கட்டும், ஆய்வகத்துக்குள் செருப்போடு போகிறீர்களா?

கேட்டவர்: வெளியே கழற்றிவிடுவோம்... பதிவு செய்த அன்று மட்டும் விருந்தினர் வந்ததால் எல்லோரும் ஷூ போட்டிருந்தோம். இதை யோசிக்கவே இல்லை, ஐயா.

பதில் 2: ஷூவின் குதிகாலிலேயே உயரம் 3 செ.மீ. வரை மாறிவிடும். வெறுங்காலோடு மறுபடி பதியுங்கள்.

கேட்டவர் (நான்கு நாள் கழித்து): வெறுங்காலோடு மூன்று நாள் பதிந்தேன். முழங்காலை விட்டுவிட்டேன், உயரம், தோள், முன்கை மட்டும். 6 பேரைச் சரியாகச் சொல்கிறது. மீதி இருவரும் ஒரே உயரம், தோளும் ஏறக்குறைய ஒன்று. அவர்களை மட்டும் இன்னும் மாற்றி மாற்றிச் சொல்கிறது. ஒருவர் நடக்கும்போது இடது கையை வீசுவதே இல்லை. அடுத்து அதைச் சேர்த்துப் பார்க்கப் போகிறேன்.