மின்சாரக் கார் விஷயம் – புதுப்பிப்பு

போன மாதம், என் மைவி பெட்ரோல் காரை விற்றுவிட்டு மின்சாரக் கார் எடுத்து இ-ஹெய்லிங் (செயலி வழி வாடகைக் கார்) ஓட்டலாமா என்று கேட்டிருந்தேன் அல்லவா, இப்போதைக்கு இல்லை. கார் கடனுக்கு வங்கியில் முதலில் கேட்டதே சம்பளச் சீட்டும் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கும்தான். ஓடினால் காசு, காய்ச்சலில் படுத்தால் பூஜ்யம் என்று இருப்பவனிடம் ஏது சம்பளச் சீட்டு? செயலியில் இருந்த ஆறு மாத வருமானத்தை அச்சடித்து நீட்டினேன். அந்த அம்மா இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "முன்பணம் கூட்டிக் கட்ட முடியுமா அண்ணே?" என்றார்.

நான் பார்த்த மின்சாரக் கார், மலேசியாவின் பெரோடுவா கியூவி-இ, 80,000 வெள்ளி (ரிங்கிட்), அதில் பேட்டரி சேராது, பேட்டரிக்குத் தனியாக மாதம் 275 வெள்ளி வாடகை, அதுவும் 9 வருடம். பெட்ரோல் என்றால் ஓடாத நாளில் செலவில்லை, வாடகை அப்படியா? அப்புறம், பேராக் மாநிலச் சுங்கை சிப்புட்டில் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்துகொண்டு இரவில் எங்கே சார்ஜ் போடுவது, அது தனிக்கதை.